வைட்டமின் டி கம்மியா இருந்தா ஈறுல ரத்தம் வருமா? மாத்திரை போட்டா நின்னுடுமா?

நீங்க கேட்டது இதுதான்: ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி அளவு 14 ng/mlனு வந்திருக்கு, ஆறு மாசமா பல் விளக்கும்போது ஈறுல ரத்தம் வருது, டி மாத்திரை ஆரம்பிச்சாச்சு, இதுக்குன்னு தனியா பல் டாக்டர்கிட்ட போகணுமா. போகணும். இந்த வாரமே போங்க. ஏன்னா இதே மாதிரி மாத்திரையை நம்பி நான் நாலு மாசத்தை விட்டுட்டேன்.

எனக்கு அப்ப டி அளவு 11தான் இருந்துச்சு. டி குறைவுக்கும் ஈறு நோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு படிச்சதும் அப்பாடா காரணம் கிடைச்சிருச்சுன்னு மனசு லேசாயிருச்சு, டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒரு தடவைகூட விடாம போட்டு நாலு மாசம் கழிச்சு பாத்தா டி நார்மலாகி 38. ஆனா வாய் கொப்பளிச்சு துப்புற நுரை மட்டும் அதே ரோஸ் கலர்லதான் இருந்துச்சு.

அப்புறம்தான் பல் டாக்டர்கிட்ட போனேன். கோடு கோடா அளவு போட்ட ஒரு மெல்லிசு கம்பியை பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு எடமா அளந்து, அவங்க நம்பர் சொல்லச் சொல்ல பக்கத்துல இருந்தவங்க எழுதினாங்க. மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு... கடைவாய்ப் பல்லு வந்ததும் ஆறு. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல், நாலோ அதுக்கு மேலயோ போனா ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சு பாக்கெட் ஆயிருச்சுன்னு அர்த்தமாம். கையில கண்ணாடியைக் கொடுத்து கீழ்வரிசை முன்பல்லோட பின்பக்கத்தைக் காட்டினாங்க, சுண்ணாம்பு பூசி காஞ்ச மாதிரி மஞ்சளா காரை கட்டியிருக்கு. அந்தக் காரையை எந்த மாத்திரையும் கரைக்காதுங்க. சுரண்டித்தான் எடுக்கணும்.

அதுக்காக டிக்கு சம்பந்தமே இல்லைன்னு சொல்ல வரல. அமெரிக்காவுல 1988லேர்ந்து 1994 வரைக்கும் எடுத்த பெரிய உடல்நல சர்வேயை வச்சு 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு, 50 வயசு தாண்டினவங்கள்ல டி கம்மியா இருந்தவங்களுக்கு ஈறு நோய் பாதிப்பு அதிகமா இருந்துச்சு. அடுத்த வருஷம் அதே சர்வேயில சிகரெட்டே பிடிக்காதவங்களை மட்டும் எடுத்துப் பாத்தப்பவும் டி நல்லா இருந்தவங்களுக்கு ஈறுல ரத்தக்கசிவு கம்மி. காரணமும் புரியுற மாதிரிதான் இருக்கு: கால்சியத்தை குடல் உறிஞ்ச டி வேணும், பல்லைத் தாங்குறது தாடை எலும்பு. அது மட்டுமில்ல, ஈறுல இருக்கற செல்லுங்களே டியை வச்சு கிருமியைக் கொல்ற ஒருவித புரதத்தை தயார் பண்ணுது, வீக்கமும் எல்லை மீறாம பாத்துக்குது.

ஆனா சேந்து இருக்கறதும் ஒன்னால இன்னொன்னு வர்றதும் வேற வேற. உடம்பு பருமன், சிகரெட், வெளிய நடமாட்டம் இல்லாதது இதெல்லாம் டியையும் குறைக்கும், ஈறையும் கெடுக்கும். இன்னொன்னு, நிறைய பேர் கவனிக்காதது, உடம்புல அழற்சி, அதாவது ஈறு நோய்ல வர்ற மாதிரி வீக்கம் இருந்தாலே ரத்தத்துல டி அளவு கீழ இறங்கும், அதனால ஈறு நோயே ரிப்போர்ட்ல நம்பரைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டலாம். க்ளீனிங் பண்ணாம டி மட்டும் போட்டு ஈறு நோய் குணமாகும்னு இதுவரைக்கும் நிரூபணம் கிடையாது. பல்லுல படியற அழுக்குதான் ஆரம்பம், டி துணைக்கு நிக்கிற ஆள்.

மாத்திரையை நிறுத்தாதீங்க, 14 கம்மிதான், எலும்புக்கு அது தேவை. சாப்பிட்ட உடனே போடுங்க, கொழுப்போட சேந்தாதான் நல்லா உடம்புல சேரும். சீக்கிரம் ஏறட்டும்னு நீங்களா டோஸை மட்டும் ஏத்திடாதீங்க, வாரத்துக்கு ஒன்னுன்னு கொடுத்ததை தினமும் முழுங்கி ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னி வரைக்கும் போனவங்க இருக்காங்க. டாக்டர் சொல்லாம ஒரு நாளைக்கு 4000 யூனிட்டைத் தாண்டவே கூடாது.

ரத்தம் வருதேன்னு அந்த எடத்துல பிரஷ் படாம விளக்குறீங்களா? நான் அப்படித்தான் பண்ணேன், அங்கதான் இன்னும் மோசமாச்சு. சாஃப்ட்டான பிரஷ்ஷால அங்கயும் விளக்குங்க. சுகர் இருந்தா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா பல் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

எனக்கு ரெண்டு தடவையா ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் க்ளீன் பண்ணாங்க, பத்து நாள்ல ரத்தம் நின்னுச்சு. மூணு மாசம் கழிச்சு அளந்தப்ப அந்த ஆறு நாலாயிருந்துச்சு. எக்ஸ்ரேல தெரிஞ்ச எலும்புத் தேய்மானம் மட்டும் அப்படியேதான் இருக்கு, அது திரும்ப வளராதுன்னுட்டாங்க. உங்களுக்கு இன்னும் எலும்பு வரைக்கும் போகாம வெறும் ஈறு வீக்கமாவே இருக்கலாம், அந்த ஸ்டேஜ்ல பாத்துட்டா முழுசா சரியாயிடும். போறப்ப டி ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க, பாக்கெட் அளந்து நம்பரை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க.