குப்பைப் படிப்பு இல்லை அக்கா, தைரியமாக அனுப்புங்கள்

அக்கா, "மருந்து அடித்தே என் காலம் போச்சு, இவளும் விஷத்தோடதான் கிடக்கணுமா" என்று நேற்று சுங்கை சிப்புட்டில் கேட்டீர்களே, ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். மகளுக்குக் கிடைத்திருக்கும் சுற்றுச்சூழல் டிப்ளோமாவைக் குப்பை வேலை என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்தான கழிவு எது என்று கண்டுபிடித்துப் பொறுப்பாகக் கையாளும் வேலைக்கான படிப்பு அது.

நாற்றம் அடித்தால் ஆபத்தான கழிவு என்று நினைக்கிறோம். செம்பனை (பாமாயில்) ஆலையின் கழிவுநீர்க் குட்டை ஊரையே நாறடிக்கும், ஆனாலும் அந்தக் கழிவுநீர் மலேசிய அரசின் ஆபத்தான கழிவுப் பட்டியலில் இல்லை, அதற்கு 1977-லேயே தனி விதி வந்துவிட்டது. அதே ஆலையின் வொர்க்‌ஷாப் மூலையில் சத்தமில்லாமல் நிற்கும் பயன்படுத்திக் கழித்த கருப்பு எண்ணெய் ட்ரம் இருக்கிறதே, அது பட்டியலில் எஸ்டபிள்யூ 305 (எஸ்டபிள்யூ என்றால் பட்டியலிட்ட கழிவு). எண்ணெய் துடைத்த துணி 410, பழைய லாரி பேட்டரி 102, லேப்பில் பயன்படுத்திக் கழித்த ஹெக்சேன் என்ற கரைப்பான் 322. 2005 விதிமுறையில் இப்படி 77 வகைகள், ஐந்து பிரிவுகளாக. எண்ணின் முதல் இலக்கமே பிரிவைச் சொல்லிவிடும்: 1 என்றால் உலோகம் சார்ந்தது, 3 என்றால் பெரும்பாலும் கரிமப்பொருள்.

நீங்கள் அடித்த பூச்சிமருந்து மாதிரி ரசாயனம் ஒட்டிய காலி டப்பாவும் பட்டியலில் உண்டு, 409. அந்த டப்பாவைக் கழுவித்தான் தண்ணீர் பிடித்தோம் என்றீர்கள். அப்போது உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும் அக்கா, அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் வரப்போகிறாள்.

எந்த ரசாயனம் உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று பார்த்து எண் கொடுப்பது, பதிவு வைப்பது, 180 நாளுக்குள் அல்லது 20 டன் சேர்வதற்குள் உரிமம் பெற்றவர்களிடம் அனுப்புவது, இதுதான் அவள் வேலை. மாதிரி எடுக்க ட்ரம் பக்கம் போகத்தான் வேண்டும், மறைக்கவில்லை, ஆனால் கையுறை, முகக்கவசத்தோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவாள். 2019-ல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டி 111 பள்ளிகளை மூடினார்களே, அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

வேலை ஆலையில் மட்டும் இல்லை, கையுறைத் தொழிற்சாலை, எலக்ட்ரானிக்ஸ், மருத்துவமனை என்று பல இடங்களில் உண்டு. அப்புறம் வேலையில் சேர்ந்தபின் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான ஐமாஸ் நடத்தும் செப்ஸ்வாம் என்ற ஆபத்தான கழிவு மேலாண்மைச் சான்றிதழை அவள் எடுக்கட்டும், கழிவைப் பொறுப்பேற்று நிர்வகிக்க அந்தத் தகுதியைத்தான் கேட்பார்கள்.

கெமிஸ்ட்ரியில் அவள் எப்படி என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். சேருவதற்கு முன் ஆலை மேனேஜரிடம் கேட்டு ஒருநாள் அந்த வொர்க்‌ஷாப்புக்கு அழைத்துப்போங்கள், ட்ரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டில் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும்.