வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிட்டும் சர்க்கரையும் ரத்தசோகையும் வருவது ஏன்?

கேட்டவர் எழுதியது இது: "வேலூர் பக்கம் எங்கள் ஊர். ஓட்டல் சாப்பாடு கிடையாது. களி, கூழ், கீரை, செக்கு எண்ணெய் என்று எல்லாமே வீட்டுச் சமையல். அப்படியும் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்தசோகை. பாரம்பரியச் சமையல் உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை. புளிக்க வைப்பது, ஆவியில் அவிப்பது, கீரையும் பயறும் தினமும் சேர்ப்பது என்று நம் சமையலில் அருமையான பழக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அளவு பார்க்கும் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் அப்பா ஐம்பதைத் தாண்டியவர், இப்போது கழனி வேலைக்குப் போவதில்லை, ஆனால் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வைத்தியம் டாக்டர் சொன்னபடியே நடக்கட்டும். இது அடுப்படிக் கணக்கு மட்டும்தான்.

முதலில் களி. மூன்று உருண்டைக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு (ஏறக்குறைய 120 கிராம்), கால் டம்ளர் அரிசி நொய் (40 கிராம்), மூன்று டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குன்றாகக் கொட்டிவிட்டுக் கிளறாமல் விட வேண்டும். கரண்டிக் காம்பால் நாலைந்து இடத்தில் குத்தி ஓட்டை போட்டு, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். அந்த ஓட்டைகள் வழியாகக் கொதிநீர் பொங்கி ஏறி மாவை வேகவைக்கும். பிறகு இறக்கிவைத்துத் துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். மாவைக் கொட்டிய கையோடு கிளறினால் கட்டி தட்டும், கட்டிக்குள்ளே மாவு பச்சையாகவே நிற்கும். களி தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த வேகாத மாவைத்தான் தின்றிருப்பார்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

இப்போது கணக்கு. ஓர் உருண்டையில் 50 கிராமுக்குச் சற்று மேல் தானியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், நார்ச்சத்து 11 கிராம். பச்சரிசியில் மாவுச்சத்து 78, நார் 3 கிராம்கூட இல்லை. ஆக அரிசியைவிடக் கேழ்வரகு மேல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நொய்யையும் சேர்த்தால் ஓர் உருண்டைக்கு 35 முதல் 40 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். இரண்டு உருண்டை முடிந்த பிறகு "ரசத்துக்குக் கொஞ்சம் சோறு" என்று தட்டை நீட்டும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்தக் கொஞ்சம் ஒரு கப்புக்குக் குறையாது. சர்க்கரை ஏறுவது களியால் மட்டும் இல்லை, களிக்கு மேல் போன அந்தச் சோற்றாலும்தான். களி என்றால் களி, சோறு என்றால் சோறு, ஒரு வேளைக்கு ஏதாவது ஒன்று.

கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வாட்ஸப்பில் வருவதையும் நம்ப வேண்டாம். நைசாக அரைத்த மாவில் தண்ணியாகக் கஞ்சி காய்ச்சி இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அதே மாவு கெட்டிக் களியாக, கீரைக் கடைசலோடும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலோடும் போகும்போது மெதுவாகச் செரிக்கும்.

அடுத்தது பருப்பு. இதுதான் நம் வீட்டுச் சமையலின் பெரிய ஓட்டை. நாலு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலும் 100 கிராம். அதில் புரதம் 22 கிராம்தான், ஆளுக்கு ஐந்தரை கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம் என்று போட்டிருக்கிறது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 340 கிராம் பருப்பு! மாதத்துக்குப் பத்து கிலோ. உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள், மூன்று கிலோ தாண்டியிருக்காது. சாம்பாரை மட்டும் நம்பினால் ஆகாது. காராமணிக் குழம்பு, மொச்சைக் குழம்பு, சாயங்காலம் பச்சைப்பயறுச் சுண்டல், கீரையோடு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. இதெல்லாம் நம் ஊர் பண்டம்தான், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். முட்டை, மீன் சாப்பிடும் வீடாக இருந்தால் இன்னும் சுலபம்.

"எங்க தாத்தா மூணு வேளையும் களிதான், எண்பது வயசு இருந்தாரு" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர் விடியற்காலையில் ஏர் பூட்டி, மாடு கட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தவர். மூன்று உருண்டை அவருக்குப் போதாது என்றுகூடச் சொல்வேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு அவர் உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்கிறேன்.

களி என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலூர்க்காரர் என்றால் போதும், உடனே ஜெயில் களி என்று சிரிப்பார்கள். "களி திங்க வச்சிடுவேன்" என்பது இன்றைக்கும் மிரட்டல் வார்த்தை. மானாவாரி நிலத்தில் விளைந்து, மழை பொய்த்த வருஷங்களிலும் இந்த ஜில்லாவின் வயிற்றை நிரப்பிய சோறு அது. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதைத் தண்டனைச் சோறு என்று பேசிப் பேசி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை டப்பாவைத் திறக்கக் கூச்சப்படும்படி செய்தார்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அதே கேழ்வரகு பளபளப்பான பாக்கெட்டில் கேட்ட விலைக்குப் போகிறது. விளைவித்தவருக்கும் அந்த விலையில் பங்கு போனால் எனக்குச் சந்தோஷம்தான். களியைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

சரி, எண்ணெய். அதே வழிகாட்டிப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம், அதாவது சுமார் இரண்டு மேசைக்கரண்டி. நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். அதற்கு மேல் வாங்கினால் தாராளம் என்று அர்த்தம். பொரிப்பதைவிடக் கத்திரிக்காயில்தான் கைமீறிப் போகும். நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ருசிக்கு ஈடே கிடையாது. ஆனால் கத்திரிக்காய்ச் சதை பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்று. பச்சையாகச் சட்டியில் போட்டால் ஊற்றுகிற எண்ணெயையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். காம்போடு நாலாகக் கீறி, உப்புத் தண்ணீரில் அலசி, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். சதை படிந்து காற்று வெளியேறிவிடும், அதன் பிறகு எண்ணெயை இழுக்காது. அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டியில் எண்ணெய்க் கத்திரிக்காய் முடிந்துவிடும்.

செக்கு எண்ணெய் பற்றிச் சொன்னால் ரீபைண்டு கம்பெனிக்கு ஆள் என்று திட்டுவீர்கள். இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். செக்கு எண்ணெயின் தரம் நீங்கள் செக்குக்குக் கொண்டுபோகும் மல்லாட்டையின் தரம்தான். ஈரத்தோடு கட்டிவைத்த மல்லாட்டையில் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். சமையல் சூட்டில் அழியாது. ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வேலை கிடையாது என்பதால் முன்னாலேயே நாம்தான் பார்க்க வேண்டும்.

பறித்த காயை நன்றாக வெயிலில் காயவிடுங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும், பருப்பைக் கடித்தால் வளையாமல் பட்டென்று உடைய வேண்டும். உடைக்கச் சுலபமாக இருக்கும் என்று காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள் பாருங்கள், அதை அறவே நிறுத்துங்கள், பூஞ்சைக்கு வழிவிடுவது அதுதான். உரித்த பருப்பை முறத்தில் பரப்பிச் சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அந்தக் கழிவைத் தனியாக ஆட்டுவது கூடவே கூடாது. ஆட்டிய எண்ணெயை மூன்று நாலு நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். அடிக்கசடு குழம்புக்கு வேண்டாம். நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில்தான் தங்கும். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால் பாலில் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் பூஞ்சை பிடித்ததை மாட்டுக்கும் போடக் கூடாது.

உப்புக்கு ஒரு சுலபமான சோதனை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு வழியாக வருவதும் இந்தக் கணக்கில்தான். கருவாட்டை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழம்பு கொதித்து ருசி பார்க்கும்வரை உப்பு டப்பாவைத் தொடாதீர்கள். இந்துப்புக்கு மாறினால் ரத்தக்கொதிப்பு குறையும் என்பது தவறு. அதுவும் சோடியம் உப்புதான். அயோடின் சேர்க்காத இந்துப்பும் கல்லுப்பும் மட்டுமே புழங்கும் வீட்டில் பிள்ளைகளுக்கு அயோடின் போகாது. அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

பழைய சோற்றைப் பற்றி ஒரே விஷயம். புளிக்கும்போது அதில் இரும்பு பல மடங்கு முளைத்து விடாது, இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது சுலபமாகும். அவ்வளவுதான், அதுவே நல்லதுதான். ஆனால் கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். வடித்த சோற்றை மதியத்திலிருந்து அப்படியே வைத்திருந்து ராத்திரி தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கவைத்தும் சாகாத கிருமி வித்து சோற்றில் உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகிவிட்டால் மறுபடி சூடு பண்ணினாலும் அதன் நஞ்சு போகாது. ராத்திரி வடித்த சோறு, ஆறின கையோடு சுத்தமான தண்ணீர், மண்சட்டி, காலையில் முதல் வேளையிலேயே தீர்த்துவிடுவது. கொழகொழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கீரை தினமும் கடைந்தும் ரத்தம் ஏறவில்லையே என்பீர்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போடும். சாப்பிட்ட வாயோடு குடிக்கும் டீ இன்னும் தடுக்கும். கடைசலை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கேழ்வரகை முளைகட்டி அரையுங்கள்: பன்னிரண்டு மணி நேரம் ஊறல், தண்ணீர் வடித்து ஈரத்துணியில் ஒரு நாள் மூட்டை. நம் வெயிலுக்கு ஒரு நாள் போதும், இரண்டாம் நாள் வைத்தால் புளித்து நாறும். பிறகு நன்றாகக் காயவைத்து, லேசாக வறுத்து, மில்லுக்கு அனுப்பலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக அவர் உட்காரும்போது குழம்புச் சட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். காய் முன்னால் உட்கார்ந்தவர்கள் தட்டுக்குப் போயிருக்கும், பருப்பு அடியோடு வழித்தாகியிருக்கும், மிச்சம் புளித்தண்ணீர். அதை ஊற்றி இரண்டு கரண்டி சோறு, ஊறுகாய், அதோடு முடிந்தது. வீட்டில் சமைத்த சத்து சமைத்தவருக்குப் போகவே இல்லை. நான் சொல்வது கசக்கலாம், கோபமும் வரலாம். பரிமாறத் தொடங்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் அவருக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் எடுத்து மூடிவையுங்கள், அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். ரத்த அளவு ரொம்பக் குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, இரும்பு மாத்திரையும் வேண்டும். அந்த மாத்திரையைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ விழுங்கச் சொல்லுங்கள். பாலிலும் டீயிலும் வேண்டாம், கால்சியம் மாத்திரை சாப்பிடும் அதே நேரத்திலும் வேண்டாம்.