‘ராத்திரி டூட்டி இல்லை’ என்பதற்காகப் பல் மருத்துவமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் மகளோடு ஆரணியிலிருந்து வந்து பேசிவிட்டுச் சென்றீர்கள். நீட் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் அரசு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது; உங்கள் தம்பியோ, தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்த வாரமே முன்பணம் கட்டிவிடுங்கள் என்கிறார். “பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும், ராத்திரி டூட்டி கிடையாது, பெண் பிள்ளைக்கு இதைவிட நிம்மதியான படிப்பு எது?” என்பது அவருடைய வாதம். “அந்த ஐந்து வருஷமும் என் பிள்ளை நிம்மதியாக இருப்பாளா, சார்?” என்று நீங்கள் கேட்டபோது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அந்தப் பதில் சரியில்லை என்று பட்டதால்தான் இதை எழுதுகிறேன். இப்போதைய நிலையில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் தம்பி சொல்லும் நிம்மதி, கிளினிக் வைத்து நிலைபெற்றுவிட்ட ஒரு பல் மருத்துவருடைய நிம்மதி. மாணவருடைய வாழ்க்கை வேறு. பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் சேர்ந்தது. முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் மெழுகுக் கட்டியை எடுத்து முன்பல், கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றாகச் செதுக்கிக் காட்ட வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய பல்லில் ஒரு மேடு தவறினாலும் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. மறுபடி புதுக் கட்டியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் பிடுங்கிய பற்களைக் கேட்டு மாணவர்கள் புட்டியோடு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவார்கள். குழி வெட்டி அடைத்துப் பழக அவை வேண்டும்.

மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். மன அழுத்தம் உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். இத்தனை பல் அடைப்பு, இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை முழுப் பல்செட் என்று ஒவ்வொரு துறையிலும் கோட்டா உண்டு; அதை முடிக்காமல் தேர்வுக்குப் போவது கடினம். முழுப் பல்செட் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அச்சு, இரண்டாம் அச்சு, தாடைப் பொருத்தம், மெழுகில் பல் அடுக்கிப் பார்ப்பது, கடைசியாகப் பொருத்துவது என்று ஒரு முதியவர் ஏறக்குறைய ஐந்து முறையாவது வர வேண்டும். நான்காம் முறை அவர் பேரன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டால், அதுவரை செய்த வேலை அத்தனையும் அந்தரத்தில் நிற்கும். அதனால் பிள்ளைகள் நோயாளிகளை நாள்தோறும் போனில் அழைத்துக் கெஞ்சுகிறார்கள்; பேருந்துக் கட்டணத்தையும், சில சமயம் சிகிச்சைக் கட்டணத்தையுமே தம் கைக்காசிலிருந்து கொடுக்கிறார்கள். செய்முறைத் தேர்வு நாளன்று நோயாளி வந்து சேர்வாரா என்ற பயத்தில் முந்தைய இரவு தூங்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். கழுத்தைச் சாய்த்து, முதுகை வளைத்து, ஒரு சிறிய வாய்க்குள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பதால், இருபத்திரண்டு வயதிலேயே கழுத்துவலி என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 26 கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரல் வைத்திருக்கிறது. உடல், மனம், உறவுகள், சூழல் என்று நான்கு பகுதிகளாக அது வாழ்க்கையைப் பார்க்கிறது. பல் மருத்துவ மாணவர்களிடமும் அதைக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். உங்கள் தூக்கம் நிறைவாக இருக்கிறதா, உங்கள் தேவைக்குப் பணம் இருக்கிறதா, நண்பர்களின் துணை நிறைவளிக்கிறதா என்பவை அதிலுள்ள சில கேள்விகள். உங்கள் நாத்தனார் மகன் மூன்றாம் ஆண்டு பி.டி.எஸ். படிக்கிறான் என்று உங்கள் குடும்பமே அவனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால், தீபாவளிக்கு வந்தவன் இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருந்தான், யாரோடும் பேசவில்லை, டாக்டராகப் போகிற திமிர் என்றும் நீங்களே சொன்னீர்கள். அது திமிர் இல்லை, அம்மா, களைப்பு. களைப்பையும் தாண்டி அவன் மனம் சோர்ந்திருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இதை உங்கள் நாத்தனாருக்குச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் விரும்பி ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்லின் மேல் உண்மையான ஈடுபாடு உள்ள ஒரு பெண், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ 2023இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியிலோ இடம் கிடைத்து வந்து கேட்டால், மறுபேச்சில்லாமல் சேரச் சொல்வேன். உங்கள் மகள் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் பல் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘டாக்டர்’ என்ற சொல்லை உங்கள் கணவர் சொன்னார், நீங்கள் சொன்னீர்கள், அவள் சொல்லவில்லை.

இனிப் பணம். கல்லூரி சொன்னபடி ஆண்டுக்கு 6 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 24 லட்சம். விடுதிக்கு ஆண்டுக்கு 1.20 லட்சம் என்றால் ஐந்து ஆண்டுக்கு 6 லட்சம். கருவிகள், நூல்கள், நோயாளிகளுக்குக் கொடுக்கும் கைக்காசு எதையும் சேர்க்காமலே 30 லட்சம் ஆகிறது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும் என்பதால்தான் உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிய பேச்சே வந்தது. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தாலும் மாத வட்டி மட்டும் 25,000 ரூபாய். பி.டி.எஸ். முடித்துப் பிறர் கிளினிக்கில் சேர்ந்த என் பழைய மாணவர்களில் பலர் தொடக்கத்தில் வாங்கியது 20,000 ரூபாயை ஒட்டிய சம்பளம்தான். சம்பளம் முழுவதையும் கட்டினாலும் வட்டி அடையாது. இந்தக் கணக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பட்டு நூல் வியாபாரத்தில் இருபது ஆண்டு உழைத்துக் கட்டிய வீட்டை, பிள்ளை கேட்காத ஒரு படிப்புக்காக அடகு வைக்கக் கூடாது. அந்தக் கடனின் சுமை முதலாண்டிலேயே அவள் தலையில் ஏறிவிடும். பிடிக்கவில்லை என்று வாய்திறந்து சொல்லும் உரிமைகூட அவளுக்கு இல்லாமல் போகும்.

அப்படியானால் என்ன படிப்பது? வழக்கமாக எல்லோரும் சொல்லும் படிப்புகளை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சர்க்கரை நோயால் சுண்டுவிரல் எடுக்கப்பட்ட பாட்டிக்கு எந்தச் செருப்பும் ஒத்துவரவில்லை. நீட் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்கள் மகள் பழைய ரப்பர் செருப்புகளை வெட்டி ஒட்டி, தழும்பு படும் இடத்தில் மட்டும் பள்ளம் விட்டு, ஒரு செருப்பு செய்து கொடுத்தாள். பாட்டி நான்கு மாதமாக அதைத்தான் போட்டு நடக்கிறார். அன்று அவளைத் திட்டியதாகச் சொன்னீர்கள். அவள் செய்தது ஒரு தொழிலின் முதல் பாடம்.

அந்தத் தொழிலுக்கான பட்டப்படிப்பு பி.பி.ஓ., அதாவது செயற்கை உறுப்புகளையும், காலிப்பர் போன்ற தாங்கு கருவிகளையும் வடிவமைத்துப் பொருத்தும் படிப்பு. நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றுத்தான் தொழில் செய்ய முடியும். வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும், ஒடிசா, கொல்கத்தா, மும்பை ஆகிய இடங்களிலுள்ள மத்திய அரசு நிறுவனங்களிலும் இதைப் படிக்கலாம். சேர்க்கை முறையும் தேதியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் அந்தந்த அறிவிப்பை இப்போதே வாங்கிப் படியுங்கள்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எஞ்சிய காலைக் கையால் தடவிப் பார்த்து, எலும்பு புடைத்த இடங்களை அழியாத பென்சிலால் குறித்துக்கொண்டு, நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் வடிவம் கிடைக்கும். அதன் பிறகுதான் கைத்திறன்: பாரம் தாங்கக்கூடிய சதைப்பகுதியில் அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும், எலும்பு உரசும் இடத்தில் மாவைச் சேர்த்து உயர்த்த வேண்டும். வடிவத்தில் உயர்த்திய இடம் அதன்மேல் செய்யும் உறையில் பள்ளமாகும்; பாட்டியின் செருப்பில் உங்கள் மகள் விட்ட பள்ளம் இதுதான். பிறகு பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டடுப்பில் இளக்கி, அந்த வடிவத்தின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்துக் கிண்ணம் போன்ற உறையைச் செய்வார்கள். குழாயும் பாதமும் இணைத்து, கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்கவிட்டு, கழற்றித் தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து மறுபடி சீவுவார்கள். பிறவியில் பாதம் வளைந்த குழந்தைக்குக் காலணிப் பட்டையும், மூளைவாதம் உள்ள பிள்ளைக்குக் கணுக்கால் தாங்கியும் இவர்களே செய்கிறார்கள். ‘கடம்’ என்ற செயற்கை முழங்கால் மூட்டைச் சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்டது, ஆராய்ச்சிக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

குறைகளையும் மறைக்க மாட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் வராது. கல்லூரிகள் குறைவு. மாவுத் தூசியிலும் அடுப்புச் சூட்டிலும் நின்று வேலை செய்ய வேண்டும். தொடக்கச் சம்பளம் இங்கும் பெரிதில்லை. ஆனால் அரசு நிறுவனக் கட்டணம் நீங்கள் கட்ட இருந்த தொகையின் ஒரு சிறு பகுதிதான். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

உங்கள் தம்பியிடம் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் நாத்தனார் மகனைத் தனியே அழைத்து, நான் மேலே எழுதிய மூன்று கேள்விகளையும் உங்கள் மகளே கேட்கட்டும். பெரியவர்கள் யாரும் உடன் இருக்க வேண்டாம். பிறகு ஒரு வேலைநாளில் அவளோடு வேலூருக்குப் போய், அனுமதி கேட்டு, செயற்கை உறுப்புப் பட்டறையை ஒரு மணி நேரம் பார்த்து வாருங்கள். பாட்டியின் அந்தச் செருப்பையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களிடம் அதைக் காட்டிக் கேட்க அவளிடம் நிறையக் கேள்விகள் இருக்கும்.