20 மாதம், நான்கே வார்த்தை

சகோதரி, 20 மாத மகன் நான்கு வார்த்தைதான் பேசுகிறான், பக்கத்து வீட்டுக் குழந்தை பாட்டே பாடுகிறது என்று மாமியார் சொல்லிக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். என் மகளும் அந்த வயதில் 'அம்மா', 'தா', 'காக்கா' என்பதோடு நின்றிருந்தாள்.

வார்த்தைகளை எண்ணுவதைக் கொஞ்சம் விடுங்கள். பூனையை விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால், நீங்கள் கை காட்டாமலே எடுத்து வருகிறானா? என் மகள் எடுத்து வந்து என் காலில் மாட்டவும் பார்ப்பாள். இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் காது பரிசோதனை அவசியம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு தாமதமாகலாம். 'தானா பேசிடும்' என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி நாங்கள் நான்கு மாதம் தள்ளிப்போட்டோம். அது தப்பு. 24 மாதத்தில் 'அம்மா வா' என்பதுபோல இரண்டு வார்த்தை சேர்ந்து வர வேண்டும்.

அப்புறம், சோறு ஊட்டும்போது செல்போன் வேண்டாம். "காக்கா பாரு, பறக்குது" என்று பேசிக்கொண்டே ஊட்டுங்கள். கேள்வி கேட்டால், அவன் வாய் திறக்கும்வரை சில நொடி காத்திருங்கள்.