துருப்பிடித்த சேஸிஸும் தகட்டுக்கு அடியில் போன எண்ணும்

கேள்வி: அணைக்கட்டு வட்டத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் விவசாயம் செய்கிறேன். 1996-இல் பதிவான, நான்கு சக்கரமும் இழுக்கும் மகிந்திரா டீசல் ஜீப் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் நிலத்திலிருந்து சாமையும் புளியும் இறக்க அதுதான் ஆதாரம். முன்பு வைத்திருந்தவர் பேரணாம்பட்டுப் பக்கம் உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றியவர். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துருப்பிடித்திருந்ததால் வேலூரில் ஒரு பட்டறையில் விட்டேன். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதாக எழுதிக் கொடுத்து ரூ.85,000 வாங்கினார்கள். எட்டு மாதத்தில் பின்பக்க ஸ்பிரிங் தாங்கிக்கு அருகே விரிசல் விட்டது. திரும்பக் கொண்டுபோனபோது என்னைக் கேட்காமலேயே மறுபடியும் வெல்டிங் வைத்துவிட்டு, ரூ.22,000 கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். இந்த ஆண்டு ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்க வேண்டும். ஆனால் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் அவர்கள் ஒட்டிய தகட்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. காயலான் கடையில் நல்ல சேஸிஸ் வாங்கி மாற்றிவிடலாம் என்று இன்னொரு மெக்கானிக் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் பணப் பிரச்சினையும் பதிவுப் பிரச்சினையும் கலந்திருக்கின்றன. பணத்தைப் பின்னர் கேட்டு வாங்கிவிட முடியும். சேஸிஸ் எண் விஷயத்தில் ஒரு தவறான அடி வைத்துவிட்டால் வண்டியின் பதிவையே இழக்க நேரும் என்பதால், கடைசியில் நீங்கள் கேட்டிருப்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: காயலான் கடை சேஸிஸை எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள்.

அந்த சேஸிஸில் வேறொரு வண்டியின் எண் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 55(5), வண்டியில் பொறிக்கப்பட்ட இன்ஜின் எண் அல்லது சேஸிஸ் எண் பதிவுச் சான்றிதழில் உள்ளதிலிருந்து மாறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளித்த பிறகு பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது. அந்த எண்ணைத் தேய்த்துவிட்டு உங்கள் எண்ணைப் பொறித்துத் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால், அது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்த சேஸிஸ் திருட்டு வண்டியிலிருந்து வந்தது என்று பின்னால் தெரியவந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317-இன்படி திருட்டுச் சொத்தைப் பெற்றுக்கொண்டதாக உங்கள் மீதும் விசாரணை வரக்கூடும். எண்ணை அழித்தது நீங்களே என்ற நிலையில், ஒன்றும் தெரியாமல் வாங்கினேன் என்று நிறுவுவது மிகக் கடினம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பழைய வண்டியின் சேஸிஸில் வெல்டிங்கே வைக்கக் கூடாதோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தடுப்பது ‘மாற்றம்’ என்பதை. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் அமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே அதற்குப் பொருள் சொல்கிறது. அரித்துப்போன பகுதியை வெட்டிவிட்டு, அதே வடிவத்திலும் அதே கனத்திலும் தகடு வைத்து, நீள அகலமும் அச்சுகளின் இடைவெளியும் மாறாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பே தவிர மாற்றம் ஆகாது. இதற்கு நேர்மாறாக, சேஸிஸை நீட்டுவதும் வேறு வகை வண்டியின் அச்சுகளை மாட்டுவதும் பிரிவு 182ஏ(4)-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறைக்கோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதத்துக்கோ வழிவகுக்கும். உங்கள் பட்டறை செய்தது இந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் எண் உள்ள இடத்தின் மேல் தகடு ஒட்டியதன் மூலம், சாதாரணப் பழுதுபார்ப்பைப் பதிவுச் சிக்கலாக மாற்றிவிட்டார்கள்.

எண்ணை மீட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தத் தகட்டை நீங்களாக அறுத்து எடுக்க வேண்டாம். நடந்ததை உள்ளபடி எழுதி, பட்டறையின் மதிப்பீட்டுச் சீட்டு, பில், தகடு ஒட்டிய இடத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து, உங்கள் வண்டியின் பதிவு இருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் தகட்டை அகற்றவும், எண் படிக்க முடியாத நிலையில் இருந்தால் அதே எண்ணை மீண்டும் பொறிக்க எழுத்துப்பூர்வமாக உத்தரவிடவும் அந்த மனுவில் கோருங்கள். உங்கள் வண்டியின் பதிவு 15 ஆண்டு முடிந்து 2011-இலும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்காக 2016, 2021-இலும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்த பழைய படி எதுவும் அந்தக் கோப்புகளில் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. பழைய காப்பீட்டு ஆவணங்களையும் சேர்த்து வையுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐ, பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள்தான் கொடுக்க முடியும் என்பதால், எண் தொடர்பான மனுவை அதற்கு வெகு முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது.

இனி பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வழக்கின் உயிர், விரிசல் ஏன் வந்தது என்பதை நிரூபிப்பதில் இருக்கிறது. ‘பழைய வண்டி, மலைப் பாதை, அதனால் உடைந்தது’ என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லப்போகும் முதல் பதில். பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் துளைகள் வழியே உள்ளே இறங்கி, அங்கே தேங்கிய சேற்றோடு கலந்து, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே தகடு ஒட்டினால், இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரமும் உப்பும் சிறைப்பட்டு அரிப்பு தொடரும். மெலிந்த இரும்பு வெல்டிங் சூட்டில் பலவீனமாகி, சுமை ஏறும்போது ஒட்டின் விளிம்பிலேயே கீறல் விடும். உங்கள் விரிசல் ஒட்டிய தகட்டின் விளிம்பை ஒட்டி ஓடியிருந்தால், அது மலைப் பாதையின் குற்றம் அல்ல, எழுதிக் கொடுத்த வேலையைச் செய்யாததன் குற்றம் என்று வாதிட முடியும். அவர்கள் மறுபடியும் வெல்டிங் வைத்து அந்தச் சான்றை ஓரளவு மூடிவிட்டார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது. ஆகவே விரிசல் விட்ட நாளில் எடுத்த புகைப்படங்கள், வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிய செய்திகள், அவர்கள் பேசிய குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். வண்டி கைக்கு வந்ததும் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் ஒருவரிடமோ, பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசுக் கல்லூரி போன்ற ஒரு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையிடமோ அணுகி, எழுத்துப்பூர்வ அறிக்கை பெற முயலுங்கள். அது கிடைக்காவிட்டால், வல்லுநர் ஆய்வுக்கு உத்தரவிடும்படி ஆணையத்திடமே மனு செய்யலாம்.

ஆணையம் என்று நான் சொல்வது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொடுத்த ரூ.85,000-ஐ வட்டியுடன் திருப்பித் தரவும், சேஸிஸ் எண்ணை மீட்க ஆகும் செலவையும், வண்டி இல்லாததால் ஏற்பட்ட இழப்பையும், மன உளைச்சலுக்கான ஈட்டையும் வழங்கவும் கோரலாம். உங்கள் விளைச்சலையே ஏற்றுவதால் ‘வணிக நோக்கம்’ என்ற தடை வரும் என்று நான் நினைக்கவில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கான பயன்பாட்டைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் மலைக் கிராமத்து மக்களைக் கட்டணம் வாங்கி ஏற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுப் பதிவில் அது சட்டமீறல் என்பது ஒரு பக்கம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அதுவே முதல் காரணமாகிவிடும். பில்லின் அடியில் ‘வெல்டிங்குக்கு உத்தரவாதம் இல்லை’ என்று அச்சடித்திருந்தாலும் கவலைப்படாதீர்கள். வெட்டி எடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு மேலே ஒட்டியதற்கு அந்த வரி பதிலாகாது.

உங்களுக்கு விற்றவர் மீது வழக்குப் போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. பார்த்து, ஓட்டி வாங்கிய பழைய வண்டி அது.

வண்டியைப் பிடித்து வைத்திருப்பதைப் பொறுத்தவரை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 170 பட்டறைக்காரருக்கு ஓர் உரிமை தருகிறது: ஒப்படைத்த பொருளில் ஒப்புக்கொண்டபடி உழைப்பைச் செலுத்தியவர், கூலி வரும்வரை அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்காத, முதல் வேலையின் குறையை மூடுவதற்காகச் செய்த வெல்டிங்குக்கு இந்த உரிமை பொருந்தாது என்பது என் கருத்து. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்யும்போதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)-இன் கீழ் வண்டியை விடுவிக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். அறுவடைக் காலம் நெருங்கி, காத்திருக்க முடியாது என்றால், ரூ.22,000-ஐ வங்கி வழியாகவே செலுத்தி, ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று அதே நாளில் கடிதம் கொடுத்து எடுத்துவிடுங்கள். அந்தத் தொகையையும் வழக்கில் சேர்த்துக் கேட்கலாம். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ‘வேலை திருப்தி’ என்ற சீட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது, ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் பட்டறைக்கு ஓர் அறிவிப்பு அனுப்புவது. சேஸிஸில் இனி கை வைக்கக் கூடாது, வெட்டி எடுத்த பழைய இரும்புத் துண்டுகள் ஏதும் இருந்தால் பத்திரமாக வைக்க வேண்டும், 15 நாட்களுக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள். வண்டி கிடைத்ததும் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். விரிசல் விட்ட சேஸிஸோடு சாலையில் போவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190-இன் கீழ் குற்றம், அந்த நிலையில் பதிவை இடைநிறுத்த அதே சட்டத்தின் பிரிவு 53 அதிகாரம் தருகிறது. அதைவிட, மலை வளைவில் ஸ்பிரிங் தாங்கி கழன்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த வாடகை ரசீதையும் வழக்குக் கட்டில் சேர்த்து வையுங்கள்.