நாகர்கோவில் கடைகளில் பனிமலை ஏறுவதற்கான உடுப்பு கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் டிசம்பரில் உத்தராகண்ட் போய் கேதார்காந்தா ஏறப் போகிறாராம். அதற்கான துணிமணி, ஷூ எல்லாம் நாகர்கோவிலிலேயே வாங்கிவிடலாமா, இல்லை வெளியூர் அலைய வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மலைக்கு, இதே மாதத்தில், தக்கலையிலிருந்து கிளம்பிப் போனவள் நான். வாங்கக் கூடாததை எல்லாம் வாங்கிப் பார்த்த அனுபவம் இருப்பதால் எழுதுகிறேன்.

பாதி கிடைக்கும். எந்தப் பாதி என்று தெரியாமல் கடை ஏறினால் காசு போகும், எனக்குப் போன மாதிரி.

கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட ஃபேனை ஒரு பாயிண்ட் குறைத்தால் குளிர் முடிந்தது. ஸ்வெட்டர் என்பது பிறந்த குழந்தைக்கும் கொடைக்கானல் டூர் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாங்குவது. மங்கி கேப் சபரிமலை சீசனில் ஓடும். இதைத் தாண்டி ஒரு கடைக்காரர் எதை நம்பிப் பணம் போட்டுச் சரக்கு எடுப்பார்? வருடத்துக்கு ஒரு ஆள் வந்து கேட்கிற சாமானை அலமாரியில் அடுக்கிவைத்து அவர் என்ன செய்ய?

நான் செட்டிகுளத்தில் ஆரம்பித்து மீனாட்சிபுரம், வடசேரி என்று இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் "குளிருக்கு ஜாக்கெட்" என்றதும் அந்தப் பெண் என்னைப் பிளவுஸ் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தப்பு என்னுடையதுதான், ஜெர்கின் என்று கேட்டிருக்க வேண்டும். ஜெர்கின் என்று கேட்டபோது பைக் ஓட்டுகிற பையன்கள் போடும் ரெக்சின் சமாசாரம் வந்தது. ஏசி போட்ட கடைக்குள் இரண்டு நிமிஷம் போட்டு நின்றதற்கே முதுகில் வேர்வை. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் உள்ளே ஊறின வேர்வையே உச்சியில் ஐஸாகும். ஏறும்போது வேர்க்கும், நின்றால் விறைக்கும். பனிமலை உடுப்பின் மொத்தப் பிரச்சினையும் இதற்குள் அடக்கம்.

இனி ஷூ கதை. வடசேரிப் பக்கம் ஒரு கடையில் "டிரெக்கிங் ஷூ உண்டு" என்றார்கள். எனக்கு 5 நம்பர் கால். பெண்களுக்கு என்று தனியாக எதுவும் இல்லை, ஆண்கள் ஷூவில் 6தான் இருப்பதில் சின்னது. சாக்ஸ் இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். பார்க்க அம்சமாக இருந்தது: கணுக்கால் வரை உயரம், தடித்த சோல், ஆழமான பல். 1,850 ரூபாய். அட்டைப்பெட்டியின் மூலை பழுப்பேறி இருந்ததை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

பழகிக்கொள்ள மருந்துவாழ்மலை ஏறினேன். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது கீழே விழுந்த துண்டு என்று ஊரில் சொல்வார்களே, அந்த மலைதான். இமயமலை ஏற இமயமலைத் துண்டிலேயே பயிற்சி என்று வீட்டில் பெருமை அடித்துவிட்டுப் போனேன். பாதி வழியில் வலது கால் ஷூ முன்பக்கம் வாயைத் திறந்தது. இறங்கும்போது குதிகாலிலிருந்து பொலபொலவென்று ஏதோ உதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் பழைய ரொட்டித்தூள் மாதிரி இருக்கிறது. துவர்த்தை, அதாவது தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஷூவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தேன்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி ஷூக்களில் மேல் தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில், மெத்து மெத்தென்று இருப்பதற்காகப் பாலியூரித்தேன் என்கிற நுரைப்பொருளை வைப்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சிதைக்கும். ஒருநாள்கூடக் காலில் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சில வருடங்களில் உதிர்ந்துபோகும், அதுவும் சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. அந்த ஷூ எத்தனை மழைக்காலத்தை அந்தப் பெட்டிக்குள் பார்த்ததோ. கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஓடாத சரக்கு இருந்த இடத்திலேயே கிழடாகிவிடும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. நம் ஊரில் ஓடுகிற சரக்கை நம் ஊரில் வாங்கலாம், ஓடாததைத் தொடக் கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் கிடைத்தது. மீனாட்சிபுரத்தில் பனியன், ஜட்டி மட்டும் விற்கிற ஒரு சின்னக் கடை. கல்லாவில் ஒரு பெரியவர். தெர்மல், அதாவது குளிருக்கு உடம்பை ஒட்டி உள்ளே போடுகிற உடுப்பு, உண்டா என்று கேட்டேன்.

"எங்க போறிய மக்களே, காஷ்மீருக்கா?"

உத்தராகண்ட் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாத்தி, மேல்தட்டில் துழாவி, ஒரு பாலிதீன் உறையைத் தட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். தூசி பறந்தது. "ஒரு பட்டாளத்துப் பய சொல்லி வரவச்சது. அவன் லீவு முடிஞ்சி போயிட்டான். இது இங்கயே கெடக்கு." ஆண்கள் அளவு, தொளதொளவென்று இருந்தது. ஆனால் துணி நல்ல பின்னல் துணி, உள்பக்கம் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. இடுப்பு எலாஸ்டிக் மட்டும் இழுத்தால் இழுத்தபடியே நின்றது. தெருமுனை தையல்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக் மாற்றி, பக்கவாட்டில் பிடித்துத் தைத்து வாங்கிக்கொண்டேன். துணி கிழடாகாது. ரப்பரும் பசையும் நுரையும்தான் கிழடாகும். பழைய சரக்கு கண்ணில் பட்டால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பட்டாளம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரராவது இருப்பார். கடைக்குப் போவதற்கு முன் அவரிடம் போங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமா லடாக்கில் இருந்தவர். நான் எழுதி வைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு முதல் வரியிலேயே "பருத்தி பனியன்" என்பதை அடித்துவிட்டார். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு விடாது. நம் ஊர் வெயிலுக்கு அது சுகம், அங்கே ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற கதையாகிவிடும். உடம்பை ஒட்டி வேர்வையை வெளியே கடத்துகிற பாலியெஸ்டரோ கம்பளியோ, அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்க ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற துணியில் ஒரு மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் பனியும் புகாத ஒரு மெல்லிய உறை. தடிமனாக ஒன்று போடுவதைவிட இப்படி மூன்று போட்டு, ஏறும்போது கழற்றி, நின்றதும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். சாக்ஸ் பற்றியும் சொன்னார். இறுக்கமாக இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். ஒரு ஜோடி கம்பளி சாக்ஸைத் தூங்குவதற்கு என்றே தனியாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும், என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. கடைக்காரர் சொன்ன "சாக்ஸ் இரண்டு போட்டால் சரியாகிவிடும்" அப்போது நினைவுக்கு வந்தது.

ஷூவும் ஃபிளீஸும் மேலுறையும் வாங்க ரயிலேறித் திருவனந்தபுரம் போனேன். டெகத்லான் என்கிற பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் பெண்கள் அளவில் ஷூ கிடைத்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் பனிக்கான உடுப்பை ஒரு வரிசை நிறையத் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு, முடிந்தால் சாயங்காலமாக ஷூ பாருங்கள். நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். ஃபிளீஸ் வாங்கலாம். ஷூ, நான் வாங்க மாட்டேன்.

மேலுறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "தண்ணீர் உள்ளே வராது, வேர்வை வெளியே போகும்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பனிமலையில் அது ஓரளவு உண்மை. உறைக்குள் ஈரம் அதிகம், வெளியே காற்று குளிர்ந்து வறண்டு கிடக்கும், ஆவி வெளியே போக வழி உண்டு. ஊருக்கு வந்து ஆனி மழையில் ஸ்கூட்டருக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு விலை கூடியதை வாங்காதீர்கள். நம் மழைக்காற்றில் வெளியேயும் அதே ஈரம், ஆவி எங்கே போகும்? நான் போட்டுப் பார்த்தேன். தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போவதற்குள் உள்ளே புட்டு வெந்துவிட்டது. ஸ்கூட்டருக்கு நம் பிளாஸ்டிக் மழைக்கோட்டே மேல்.

மேலே கூடாரத்தில் போட இறகு அடைத்த பெரிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். அதை வாங்கவே வாங்காதீர்கள். அஞ்சு நாளுக்கு அவ்வளவு பணமா? வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு நம் பக்கம் எங்கே இருக்கிறது? அம்மா சர்ச்சில் நாலு பேரிடம் சொன்னார், மறுநாளே கனடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு பையனின் ஜாக்கெட் வீடு தேடி வந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததும் பாச்சை உருண்டை வாடை ஆளைத் தூக்கியது. மலை உச்சி வரை அந்த வாடை கூடவே வந்தது.

இனி, நம் ஊரில் மட்டுமே நன்றாக வாங்க முடிந்த ஒரு சாமான். கேதார்காந்தா உச்சி 12,500 அடி. சூரியன் உதிக்கும்போது மேலே நிற்க வேண்டும் என்று ராத்திரி மூன்று மணிக்கே கிளப்பிவிடுவார்கள், தலையில் விளக்கு இல்லாமல் முடியாது. நாகர்கோவிலில் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன், கிரிக்கெட் மட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொம்மை விளக்கை எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் உறைத்தது. ராத்திரியில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நடக்கிற ஆட்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்னாலேயே தோட்டத்தில் இருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும்.

குலசேகரம் சந்தைக்குப் பக்கத்தில், பால்வெட்டுக் கத்தியும் சிரட்டையும் விற்கிற கடைக்குப் போனேன். சித்தி வீட்டுத் தோட்டத்தில் வெட்டுகிற அண்ணன் கூட வந்தார். அழகாக, பேட்டரி தலையிலேயே இருக்கிற மாதிரி ஒன்றை நான் எடுத்தேன். அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வயர் உள்ளத எடு பிள்ளே. பேட்டரி இடுப்புல கெடக்கும், தலையில பாரம் தெரியாது" என்றார். விளக்கு தலையில், அதிலிருந்து ஒரு வயர் இறங்கி இடுப்பில் சோப்புப்பெட்டி அளவில் பேட்டரி. பார்க்கப் பழைய காலத்துச் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கடையில் இது தினம் ஓடுகிற சரக்கு. பெட்டியே புதுசு.

மலையில் கூட வந்தவர்களிடம் எல்லாம் விலை கூடிய, பளபளப்பான விளக்குகள். கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக மங்க ஆரம்பித்தன. குளிரில் பேட்டரிக்குச் சத்து குறைந்துவிடும், நெற்றியில் பனிக்காற்று படும்படி வைத்தால் சொல்லவே வேண்டாம். என் பேட்டரி ஃபிளீஸுக்குள், வயிற்றோடு ஒட்டிக் கதகதப்பாக இருந்தது. விடியும்வரை மங்கவில்லை. வழிகாட்டியாக வந்த பையன் இரண்டு தடவை என்னை முன்னால் நடக்கச் சொன்னான். இறங்கிய பிறகு வயரைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எங்கே கிடைக்கும் என்று கேட்டான். குலசேகரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன், கன்னியாகுமரி என்பதற்கு மேல் அவனுக்கு விளங்கவில்லை.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் கடலுக்குப் போகிறவர்களின் தடித்த பிளாஸ்டிக் கோட்டும் கால்சட்டையும் கிடைக்கும். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், முதுகில் சுமந்துகொண்டு மலை ஏற முடியாத கனம். வலை இழுக்கப் போடும் ரப்பர் பூசிய கையுறை மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். கம்பளிக் கையுறைக்கு மேல் போட்டுக்கொண்டேன், பனியைத் தொட்டாலும் உள்ளே நனையவில்லை.

ஷூவின் மேல் மாட்டும் முள்சங்கிலி, பனி உள்ளே புகாமல் முழங்கால் வரை கட்டும் உறை, ஊன்றுகோல் இவையெல்லாம் மலையடிவாரத்தில் சாங்கிரி கிராமத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து எதையும் சுமக்க வேண்டாம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன் போகவே இரண்டு நாள், அப்புறம் டேராடூன், அங்கிருந்து ஜீப்பில் ஒரு முழுப் பகல். பை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

திரும்பி வந்ததும் ஜாக்கெட்டை வெளுக்கக் கொடுத்துவிடாதீர்கள், இறகு கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். நான் நிழலில் காற்றாடப் போட்டு உதறித் திருப்பிக் கொடுத்தேன். ஷூவைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கவில்லை, அந்த வடசேரி ஷூவை மறக்க முடியுமா. மாதம் ஒருமுறையாவது மருந்துவாழ்மலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். தெர்மலை இதுவரை இரண்டு பேர் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தந்துவிட்டார்கள். விளக்கு இப்போது என்னிடம் இல்லை. அந்த அண்ணனின் பழைய விளக்கு கெட்டுப்போனபோது வாங்கிக்கொண்டு போனார், குலசேகரம் பக்கம் தினமும் விடியலுக்கு முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது.