பர்ஸை வெளுக்காதீங்க, வெள்ளையடிங்க

கேள்வி: அக்கா, நான் கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கேன். 2019ல என் தம்பி முதல் சம்பளத்துல ஆம்பூர்ல இருந்து எனக்கு ஒரு வெள்ளை லெதர் பர்ஸ் வாங்கிட்டு வந்தான், ரெண்டா மடிச்சு பட்டன் போடுற மாதிரி. இப்ப பார்க்கவே பாவமா இருக்கு. ஓரமெல்லாம் கருப்பு, பட்டன் பக்கத்துல வெள்ளை போய் சாம்பல் கலரா தெரியுது, மடிப்புல வெடிப்பு, பின்பக்கம் ஜீன்ஸ் நீலம் ஏறிக்கிச்சு. டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சேன், மொதல்ல வெளுத்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு. தேங்காய் எண்ணெய் தடவுன்னாங்க, தடவினேன், மஞ்சளாயிடுச்சு. வீட்டுக்காரர் தூக்கிப் போடு, புதுசு வாங்கித் தரேங்கறார். தம்பி இப்ப கத்தார்ல இருக்கான், லீவுக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணணும். வீட்லயே முடியுமா அக்கா?

பதில்: முடியும் தங்கச்சி. ஆனா நீங்க இதுவரைக்கும் பண்ணது எல்லாம் துணி வெளுக்கிற வேலை, இந்த பர்ஸுக்கு வேண்டியது செவுத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை, ரெண்டும் வேற வேற.

ஏன்னு சொல்றேன். லெதர்ல வெள்ளைங்கறது பெரும்பாலும் தோலோட கலரே கிடையாது. குரோமியம் போட்டு பதப்படுத்தின தோல் வெளிர் நீலமா வரும், ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் அதை வெட் ப்ளூன்னே சொல்லுவாங்க, பழைய முறைல ஆவாரம்பட்டை கடுக்காய் போட்டு பதப்படுத்தினா பழுப்பா வரும். படிகாரம் போட்டா மட்டும் தோலே வெள்ளையா இருக்கும், ஆனா அது தண்ணில ஊறினா பதம் போயிடும், தினமும் கைல புழங்குற பர்ஸுக்கு ஆகாது. அதனால கடைல விக்கிற வெள்ளை பர்ஸ்ல வெள்ளைங்கறது மேல பூசின பெயிண்ட். அதுல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு தான் உங்க வீட்டு செவுத்து பெயிண்ட்லயும் இருக்கு.

இப்ப அந்த பட்டன் பக்கத்து சாம்பலை நல்ல வெளிச்சத்துல பாருங்க. அது அழுக்கு இல்ல, தோல். பெயிண்ட் தேய்ஞ்சு போய் உள்ள இருக்கிற தோல் எட்டிப் பார்க்குது, அதை அழுக்குன்னு நினைச்சு டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சா பேஸ்ட்ல இருக்கிற பொடி உப்புத்தாள் மாதிரி மிச்ச பெயிண்டையும் எடுத்துடும். மொதல் நாள் வெளுத்த மாதிரி தெரிஞ்சது அந்த பொடி போய் உக்காந்ததால. பேக்கிங் சோடா, ப்ளீச், நெயில் பாலிஷ் ரிமூவர்னு இன்னும் நாலு பேர் நாலு யோசனை சொல்லுவாங்க, ரிமூவர் மட்டும் கனவுல கூட வேண்டாம், ஒரு தடவை துடைச்சா பெயிண்ட் வழவழன்னு பஞ்சோட வந்துடும். ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை கேன்வாஸ் ஷூவுக்கு அடிப்போமே வெள்ளை லிக்விட், அது இல்லாதப்ப சாக்பீஸ் தேய்ச்சுட்டு போவோமே, அந்த ஐடியாவும் இங்க ஆகாது, காய்ஞ்சதும் மாவா உதிர்ந்து ஹேண்ட்பேக் முழுக்க விபூதி கொட்டின மாதிரி ஆயிடும்.

வேலைல இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துக்கோங்க, ஆம்பூர்ல வாங்கினதால மட்டும் அது லெதர் ஆயிடாது. வெடிச்ச இடத்துல உள்ள நார் நாரா, மெத்துன்னு இருந்தா தோல். நெய்த துணி தெரிஞ்சு மேல் தோல் செதில் செதிலா உரிஞ்சா அது ரெக்சின், காத்துல இருக்கிற ஈரமே அந்த பூச்சை உள்ளுக்குள்ள அரிச்சுடும், அதுக்கு மேல எதை பூசினாலும் உரியுற செதிலோட சேர்ந்து அதுவும் உரிஞ்சு வரும். அப்படி இருந்தா உங்க வீட்டுக்காரர் சொல்றது தான் சரி. நீங்க சாம்பல் கலர்னு சொல்றதை வச்சு உங்களுது தோல் தான்னு எனக்கு படுது.

மொதல்ல கார்டு, காசு, பழைய பில்லு எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் பேபி ஷாம்பு, அதோட நுரைய மட்டும் மெல்லிசான துணில தொட்டு துடைங்க, பர்ஸை தண்ணில முக்கக்கூடாது. தையல் வரிசைல கருப்பு ஏறியிருக்கும், அங்க மட்டும் பழைய சாஃப்ட் டூத் பிரஷ். அப்புறம் வெறும் ஈரத்துணில ரெண்டு தடவை துடைச்சு ஃபேன் காத்துல ஒரு நாள் விடுங்க, வெயில்ல வைக்காதீங்க, விறைச்சு போயிடும்.

அடுத்தது தான் உங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா வேலை, தேங்காய் எண்ணெய். தோல் எண்ணெயை குடிச்சு வச்சிருக்கும், அது மேல பெயிண்ட் நிக்காது, இது தெரியாம நானே ஒரு தடவை அம்மாவோட க்ரீம் கலர் பையை எண்ணெய் விட்டு மினுமினுன்னு ஆக்கி, மூணு மாசத்துல சிக்கு வாடை அடிக்குதுன்னு அம்மா அதை பால்கனில தொங்கவிட்டு, பெயிண்ட் அடிச்சு மறைக்கலாம்னு பார்த்தா அதுவும் ஒட்டாம தோசை கல்லுல மாவு ஒட்டாத மாதிரி சுருண்டுடுச்சு. அதனால பர்ஸ் மேல கார்ன்ஃப்ளவர் மாவை தடிமனா தூவி ராத்திரி பூரா விட்டு காலைல பிரஷால தட்டிடுங்க. மாவு மஞ்சளா கட்டி கட்டியா வந்தா எண்ணெய் இழுக்குதுன்னு அர்த்தம், மறுபடி தூவுங்க, மூணு ராத்திரி ஆனாலும் பரவால்ல.

பெயிண்டுக்கு முன்னாடி தையல். எங்கயாவது நூல் விட்டிருந்தா செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து பழைய ஓட்டைலயே தைக்க சொல்லுங்க, புது ஓட்டை போட்டா தோல் கிழியும். ஓரம் ரெண்டா பிரிஞ்சிருந்தா அவர்கிட்ட இருக்கிற அந்த மஞ்சள் சொல்யூஷனே போதும். ஃபெவிக்விக் வேண்டாம், கல்லு மாதிரி இறுகி அடுத்த மடிப்புல பட்டுன்னு உடையும்.

இப்ப ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கிக்கோங்க. ஆஸ்பத்திரில சர்ஜிகல் ஸ்பிரிட் தான் கைக்கு கிடைக்கும்னு தெரியும், ஆனா அதுல சிலதுல எண்ணெய் கலந்திருக்கும், மறுபடி மொதல்ல இருந்து கார்ன்ஃப்ளவர் தூவ வேண்டி வரும். பஞ்சுல தொட்டு பர்ஸ் பூரா லேசா துடைங்க, பழைய பூச்சோட மினுமினுப்பு போய் மங்கலா ஆகணும், அப்ப தான் புது பெயிண்ட் ஒட்டும், பஞ்சுல கொஞ்சம் வெள்ளை வரும், பயப்படாதீங்க. பின்பக்கத்து ஜீன்ஸ் நீலமும் இதுல ஓரளவு வந்துடும். வர்ற வரைக்கும் பஞ்சை மாத்தி மாத்தி எடுங்க, ஏன்னா நீல சாயத்தை அப்படியே விட்டு மேல வெள்ளை அடிச்சா கொஞ்ச நாள்ல அது கசிஞ்சு மேல தெரியும். கடைசியா 600 நம்பர் வாட்டர் பேப்பரால, அதாவது மெல்லிசான உப்புத்தாளால, வெடிப்பு ஓரத்தையும் கருப்பு ஓரத்தையும் லேசா, குழந்தை முதுகுல தேய்க்கிற மாதிரி தேய்ச்சுட்டு மறுபடி ஒரு துடைப்பு.

வெடிப்புக்கு பட்டி பார்க்கணும், செவுத்துக்கு பார்க்கிற மாதிரியே. லெதர் ஃபில்லர்னு சின்ன டப்பால ஆன்லைன்ல கிடைக்குது, சென்னைல இருக்கிறவங்க பெரியமேடு பக்கம் தோல் சாமான் கடைகள்ல கேட்டு பாருங்க. பழைய ஏடிஎம் கார்டோட விளிம்பால வெடிப்புக்குள்ள மட்டும் இழுத்து விடுங்க, மேல வழியக்கூடாது. ஒரே தடவைல ரொப்பாம, மெல்லிசா ஒண்ணு, காய்ஞ்சதும் இன்னொண்ணு. உண்மைய சொல்லிடறேன், மடிப்புல போடுற பட்டி நிரந்தரம் இல்ல, தினமும் நூறு தடவை திறந்து மூடுற இடம் அது, ஒரு வருஷத்துல ஒரு கோடு மறுபடி தெரியும். ரொம்ப சின்ன வெடிப்புன்னா பட்டியே இல்லாம பெயிண்டை மட்டும் அடிச்சுடுங்க, எனக்கு அது தான் பிடிக்கும்.

பெயிண்ட் லெதருக்குன்னே வர்ற அக்ரிலிக் தான் வாங்கணும். ஷூவுக்கு கலர் மாத்துற பசங்க ஆஞ்சலஸ்னு ஒண்ணு யூஸ் பண்ணுவாங்க, அந்த மாதிரி, மடக்கினா கூட வளையுறது. ஸ்டேஷனரி கடைல கிடைக்கிற சாதா அக்ரிலிக் காய்ஞ்சதும் விறைக்கும், மடிப்புல அப்பளம் மாதிரி நொறுங்கும். பெயிண்ட், அது மேல கடைசியா பூசுற ஃபினிஷர், ஃபில்லர் எல்லாம் வாங்கினா அந்த காசுக்கு ஒரு சுமாரான புது பர்ஸே வந்துடும், கணக்கு பார்த்தா வீட்டுக்காரர் பக்கம் தான் நியாயம், ஆனா இதுல யாரு கணக்கு பார்க்கப் போறா.

கலர்ல ஒரு சூட்சுமம். டப்பால இருக்கிற சுத்த வெள்ளைய அப்படியே அடிச்சா பர்ஸ் டியூப்லைட் மாதிரி இருக்கும், உள்பக்கம் இத்தனை வருஷ பழசா தனியா தெரியும். கார்டு சொருகுற இடத்துல, வெளிச்சமே படாத உள் ஓரத்துல பாருங்க, அது தான் அந்த பர்ஸோட ஒரிஜினல் கலர், அநேகமா பால்ல ஒரு சொட்டு டிகாஷன் விட்ட மாதிரி இருக்கும். அதே கம்பெனி பிரவுனை பல்குச்சி நுனில தொட்டு வெள்ளைல கலக்குங்க, ஒரு துளி தான், அதிகமாச்சுன்னா திருப்ப முடியாது. உள் ஓரத்துல ஒரு பொட்டு வச்சு காயவிட்டு பாருங்க, காய்ஞ்சதும் கலர் மாறும்.

அப்புறம் பர்ஸை விரிச்சு வச்சு, உள்ள அட்டைய சொருகி, பட்டன்ல செல்லோ டேப் ஒட்டிட்டு, பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சுல ஒரு சின்ன துண்டு வெட்டி பெயிண்டை தொட்டு, ஒரு பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, பர்ஸ் மேல ஒத்தி ஒத்தி வைங்க. இழுக்காதீங்க, இழுத்தா கோடு கோடா விழும். மொதல் கோட்டு முடிச்சுட்டு பார்த்தா அழுகையே வரும், சொல்லிடறேன், திட்டுத் திட்டா, சாம்பல் எல்லாம் தெரிஞ்சுகிட்டு, இதுக்கு பழசே தேவலன்னு தோணும், பயத்துல ரெண்டாவது கோட்டை தடிமனா அடிச்சு எல்லாரும் கெடுத்துக்கறது இங்க தான். வெள்ளை மத்த கலர் மாதிரி ஒரே அடில மூடாது. 20 நிமிஷம் விட்டு இன்னொண்ணு, மறுபடி 20 நிமிஷம், அப்படியே 4 இல்ல 5 கோட்டு, ஒவ்வொண்ணும் மெல்லிசா. மூணாவது கோட்டுல தான் அட, பரவால்லையேன்னு தோணும். ஓரத்துக்கு ஸ்பாஞ்ச் வேண்டாம், பல்குச்சியோட தட்டை பக்கத்தால தொட்டு தொட்டு வைங்க.

ஒரு நாள் விட்டு மேல ஃபினிஷர் ரெண்டு கோட்டு, பளபளக்காத மேட் வாங்குங்க, பளபளக்கிற கிளாஸி போட்டா பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் தான் நிறைய பேர் அவசரப்பட்டு தப்பு பண்றாங்க: கைல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், மூடி வச்சா ரெண்டு பெயிண்ட் பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிக்கும்போது தோலோட வரும். ஒரு வாரம் விரிச்சே வைங்க, மூடியே ஆகணும்னா நடுவுல பட்டர் பேப்பர் வச்சு மூடுங்க. ஆக எண்ணெய் எடுக்க மூணு நாள், வேலை ரெண்டு நாள், காய ஒரு வாரம், தம்பி டிக்கெட் போட்ட தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க.

இன்னொண்ணு கேக்கறேன், பட்டன் பக்கத்துல மட்டும் ஏன் அவ்வளவு தேய்ஞ்சுச்சுன்னு யோசிச்சீங்களா? திறக்கும்போது கட்டை விரல் சரியா அங்க தான் படும். நீங்க ட்யூட்டில ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் சானிடைசர் போட்டுட்டு, கை காயறதுக்குள்ள கேன்டீன்ல காசு எடுப்பீங்க, அதுல இருக்கிறதும் ஆல்கஹால் தான், பெயிண்டை மங்கலாக்க நான் மேல பஞ்சுல தொட்டு துடைக்க சொன்ன அதே வகை தான். கை நல்லா காய்ஞ்சதுக்கு அப்புறம் பர்ஸை தொடுங்க. புது ஜீன்ஸ் பாக்கெட்ல வைக்காதீங்க, நாலஞ்சு தடவை துவைச்சு சாயம் போனதுன்னா பரவால்ல. மழைக் காலத்துல பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா பூஞ்சை புடிக்கும், பருத்தி துணில சுத்தி வைங்க. எண்ணெய் பாட்டில் சமையல்கட்டுலயே இருக்கட்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கலர் இல்லாத லெதர் க்ரீம் பட்டாணி அளவு போதும்.

கலந்த பெயிண்ட் மிச்சம் இருக்கும், கொட்டிடாதீங்க. பழைய கண் மருந்து பாட்டில் கழுவி காயவச்சு அதுல ஊத்தி இறுக்கி மூடி, மேல பர்ஸ்னு எழுதி வைங்க, அதே கலர் மறுபடி கலக்க வராது, அடுத்த வருஷம் அந்த கட்டை விரல் படுற இடத்துக்கு ரெண்டு ஒத்து வேண்டியிருக்கும்.